ஏழு கார்கள் இருமுறை எண்ணப்பட்டுள்ளன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்ற பழைய இத்தாலியப் பந்தயக் காரைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். ஏலத்தில் போன விலையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கார் எத்தனை செய்யப்பட்டது, அதில் எத்தனை வகை என்பதையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல முனைந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் கட்டுரையின் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த கணக்கு தவறாகிவிட்டது. முதல் வகை 36, 1964ஆம் ஆண்டின் இரண்டாம் வகை 7, நான்கு லிட்டர் என்ஜின் கொண்டவை 3, ஆக மொத்தம் 46 என்று அதில் அச்சாகியிருந்தது. 46 கார்கள் ஒருபோதும் செய்யப்படவில்லை. மூன்று லிட்டர் கார்கள் 36. நான்கு லிட்டர் கார்கள் மூன்றையும் சேர்த்தால் 39. இரண்டாம் வகை என்று தனியே காட்டப்பட்ட அந்த ஏழும் ஏற்கெனவே 36க்குள் அடங்கியவை. அவற்றை மறுபடியும் எண்ணியதால்தான் கூட்டுத்தொகை ஏறிவிட்டது.

இந்தத் தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகள் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் கம்பெனியிலிருந்து சேஸ் மட்டும், அதாவது என்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம் மட்டும் வரும். அதன்மேல் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, பஸ்ஸாக்கி அனுப்புவது எங்கள் வேலை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிக் களைத்த பஸ்ஸைச் சில முதலாளிகள் திரும்பக் கொண்டு வருவார்கள். பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே சேஸின்மேல் புது பாடி கட்டிக் கொடுப்போம். வெளியே போகும்போது அதைப் பார்ப்பவர் யாரும் புது வண்டி என்றுதான் சொல்வார். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அது பழைய வண்டிதான். மாவட்டத்தில் ஓடும் பஸ்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடியிருக்காது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காகச் சேஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். நீளச் சட்டத்தில் எண் குத்தியிருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கிரீஸையும் துருவையும் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவே எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வரும். பெயின்ட் எத்தனை முறை மாறியிருந்தாலும், முகப்பு எத்தனை முறை நசுங்கி நிமிர்ந்திருந்தாலும், அந்த எண் எழும் இடம்தான் வண்டி. ஃபெராரியையும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்பதே நான் இக்கடிதத்தில் சொல்ல விரும்புவது.

250 ஜி.டி.ஓ. வரிசையின் முதல் சேஸ் எண் 3223, கடைசி எண் 5575. இவற்றின் பின்னால் ஜி.டி. என்ற எழுத்துகள் வரும். 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 33 கார்களும், 1964இல் புதிதாக 3 கார்களும் செய்யப்பட்டன. புதிதாகச் செய்யப்பட்ட அந்த மூன்றும் (5571, 5573, 5575) பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனம் வரைந்த புதிய உருவத்தோடு வந்தன. கண்ணாடி முன்பைவிடச் சாய்ந்திருந்தது. கூரை குட்டையாக, பின்புறம் வெட்டிவிட்டதுபோல் முடிந்தது. உடல் அகன்று தாழ்ந்திருந்தது. இதே உருவம் பந்தயத்துக்கு உகந்தது என்று கருதி, 1962, 1963இல் செய்யப்பட்ட பழைய கார்களில் நான்குக்கும் பழைய பாடியைக் கழற்றிவிட்டு இந்தப் புது பாடியையே பொருத்தினார்கள். ஆகவே 1964 உருவத்தில் நிற்கும் கார்கள் ஏழு என்பது உண்மை. ஆனால் அவற்றில் மூன்றுதான் புதிய சேஸ். மற்ற நான்கும் கரூருக்குத் திரும்பி வந்த பழைய பஸ்களைப் போன்றவை.

தங்கள் கட்டுரையில் ஏல விலையோடு பேசப்பட்ட 3413ஆம் எண் காரே இதற்குச் சரியான சான்று. 2018ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போன கார் அது. 1962இல் முதல் உருவத்தில் பிறந்தது; சிசிலித் தீவின் மலைச்சாலைகளில் நடக்கும் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் 1963, 1964 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் முதலாவதாக வந்தது; 1964இல்தான் அதற்கு இரண்டாம் உருவம் கிடைத்தது. தங்கள் பக்கத்தில் அதன் படத்துக்குக் கீழே '1964 மாடல்' என்று போட்டிருந்தீர்கள். பாடி 1964ஐச் சேர்ந்தது, கார் 1962ஐச் சேர்ந்தது. அந்தக் காரை முதல் வகை என்று ஒரு தடவையும் இரண்டாம் வகை என்று இன்னொரு தடவையும் எண்ணியிருக்கிறோம் என்பதை அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வகைகள் என்று பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் 33 கார்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் காரை உருவாக்கும் பொறுப்பை முதலில் ஏற்றவர் ஜோத்தோ பிட்ஸாரினி என்ற பொறியாளர். 1961 செப்டம்பரில் மோன்ஸா ஓடுதளத்தில் பந்தய வீரர் ஸ்டர்லிங் மோஸ் ஓட்டிப் பார்த்த சோதனைக் கார், தட்டித் தட்டி ஒட்டுப்போட்ட தகடுகளோடு பார்க்க அழகற்றதாகத்தான் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நிறுவன முதலாளி என்ஸோ ஃபெராரியோடு ஏற்பட்ட பிணக்கில் பிட்ஸாரினி உள்ளிட்ட மூத்தவர்கள் பலர் நிறுவனத்தைவிட்டு வெளியேற நேர்ந்தபோது, வேலையை முடிக்கும் பொறுப்பு இருபத்தாறு வயதே ஆன மௌரோ ஃபோர்கியேரியின் தலையில் விழுந்தது. பாடியைச் செய்தது மொடேனா நகரில் செர்ஜோ ஸ்காலியெட்டியின் பட்டறை. அங்கே அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித்தான் வளைத்தார்கள். கையால் தட்டிய தகட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட மயிரிழை வேறுபடும் என்பது தகடு தட்டிய எவருக்கும் தெரியும். அப்படியிருக்க ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையே வேறுபாடு இல்லாமல் இருக்க முடியாது. முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள காற்றுக் கீற்றுகள் சில கார்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பின்புறத்தில் உள்ள அந்தத் தகட்டு உதடு. அதிவேகத்தில் காரின் பின்பகுதி தரையைவிட்டு எழ முயல்வதைக் கண்டு, காற்றைத் தடுத்து அழுத்தம் கொடுப்பதற்காக வால் விளிம்பில் ஒரு பட்டையைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் வந்த கார்களில் அது தனியாக வெட்டிய தகடு. ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ரிவெட் தலைகள் வரிசையாகத் தெரியும். பின்னால் வந்த கார்களில் அதே உதடு உடலோடு சேர்த்தே வளைக்கப்பட்டது. பட்டறையில் ஒரு யோசனை எப்படிப் பிறந்து, முதலில் ஒட்டாக நின்று, பிறகு உடலில் கரைகிறது என்பதை அந்த ரிவெட்டுகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நூலகத்தில் ஒரு பழைய இதழில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் இந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு தகடு வேலைக்காரர் எங்களைப் போலவே யோசித்திருக்கிறார் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

அந்த 33இல் ஒரு கார் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அதன் சேஸ் எண் 4713. உள்ளே ஜி.டி.ஓ.; மேலே போர்த்தியிருப்பதோ 330 எல்.எம்.பி. என்ற வேறொரு ஃபெராரியின் சாயலில் அமைந்த உடல். எனவே நுணுக்கமாகச் சொன்னால் முதல் உருவத்தில் 32, எல்.எம்.பி. உருவத்தில் 1, 1964 உருவத்தில் 3 என்றே அந்த 36 கார்களும் பிறந்தன. கட்டுரையில் இந்தக் காரைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் எல்.எம்.பி. காரின் படம் ஒன்று ஜி.டி.ஓ. என்ற பெயரோடு இடம்பெற்றிருந்தது. 330 எல்.எம்.பி. மொத்தம் நான்கு செய்யப்பட்டன. அவை தனி வகை, ஜி.டி.ஓ. கணக்கில் வரமாட்டா.

அடுத்து, நான்கு லிட்டர் கார்கள். ஃபெராரியின் பெயரில் வரும் எண், அக்காலத்தில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் குறித்தது. 2,953 கன சென்டிமீட்டர் என்ஜினைப் பன்னிரண்டு சிலிண்டர்களால் வகுத்தால் 246 வரும். அதை முழுமையாக்கி 250 என்றார்கள். நான்கு லிட்டர் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 330. ஆகவே 3673, 3765, 4561 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று கார்களும் ஜி.டி.ஓ.வின் உடலைத் தாங்கியிருந்தாலும் அவற்றின் சரியான பெயர் 330 ஜி.டி.ஓ. என்பதே. 250 ஜி.டி.ஓ. எத்தனை என்று கேட்டால் 36 என்றும், ஜி.டி.ஓ. குடும்பத்தில் மொத்தம் எத்தனை என்று கேட்டால் 39 என்றும் சொல்வது பொருத்தம். இரண்டு எண்களும் சரியானவை; கேள்விதான் வேறு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 3765ஆம் எண் கார் நான்கு லிட்டர் என்ஜினோடு பிறந்து, 1962இல் நியூர்பர்கிரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து, பின்னர் மூன்று லிட்டருக்கு மாற்றப்பட்டது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் அது 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விலைபோனபோது இரண்டு பெயர்களையும் சேர்த்தே ஏலத்தில் அறிவித்தார்கள். என்ஜினை வைத்து எண்ணினால் அந்த ஒரு கார் இரண்டு பட்டியலிலும் ஏறிவிடும். சேஸ் எண்ணை வைத்து எண்ணினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

கட்டுரையில் வேறொரு வரியும் என்னை உறுத்தியது. பந்தய விதிப்படி 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பதால், என்ஸோ ஃபெராரி சேஸ் எண்களை வேண்டுமென்றே தாண்டித் தாண்டிக் கொடுத்து அதிகாரிகளை ஏமாற்றினார் என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு கதை நெடுங்காலமாகவே உலவி வருகிறது. ஆனால் ஃபெராரி நிறுவனத்தில் அன்று சாலைக் கார்களுக்கும் ஜி.டி. கார்களுக்கும் ஒற்றைப்படை எண்ணும், முழுமையான பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுப்பதே வழக்கம். 3223க்கும் 5575க்கும் இடையே, இரண்டையும் சேர்த்து, 1,177 ஒற்றைப்படை எண்கள் உள்ளன. நடுவில் உள்ள எண்களை நான்கு பேர் அமரும் 250 ஜி.டி.ஈ., லூஸோ போன்ற மற்ற ஃபெராரிகள் எடுத்துக்கொண்டன. ஒரே சேஸ் பதிவேட்டில் எல்லா வண்டிகளும் வரிசையாக ஏறும்போது ஒரு வகையின் எண்கள் இடைவெளி விட்டுத்தான் வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

அப்படியானால் 36 கார்களை மட்டுமே செய்துவிட்டு எப்படி அனுமதி பெற்றார் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். 1959 முதல் செய்யப்பட்டு வந்த 250 ஜி.டி. பெர்லினெட்டா என்ற குட்டைச் சேஸ் கார் ஏற்கெனவே பந்தயத்துக்கு ஏற்கப்பட்டிருந்தது. அந்தக் காரின் வளர்ச்சி நிலையாகவே ஜி.டி.ஓ.வைக் கணக்கில் காட்டினார்கள். ஏற்கப்பட்ட காருக்கு உடலை மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருந்தது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் இரண்டிலும் ஒன்றுதான், 2,400 மில்லிமீட்டர். ஆனால் என்ஜின் தாழ்வாக அமர்ந்தது, எண்ணெய்த் தொட்டி தனியே போனது, ஆறு வெபர் கார்புரேட்டர்களும் ஐந்து கியரும் வந்தன. இத்தனை மாற்றத்துக்கு இடம்கொடுத்தது சரியா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். விதியின் வரம்பை எட்டும்வரை இழுத்தார்கள் என்றே நானும் கருதுகிறேன். அமெரிக்காவின் ஷெல்பி நிறுவனமும் இதே வழியைப் பிடித்துத்தான், திறந்த கோப்ரா காருக்கு மூடிய உடல் போட்டு ஆறே ஆறு டேடோனா கூப்பே கார்களைக் களத்தில் இறக்கியது.

எண்ணிக்கை விஷயத்தில் அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் சரியன்று. என்ஜினை நடுவில் வைத்த 250 எல்.எம். காரையும் இதே போல் பழைய காரின் வளர்ச்சி என்று ஃபெராரி காட்ட முயன்றபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தக் கார் 32தான் செய்யப்பட்டது. இந்தச் சச்சரவில் இத்தாலிய மோட்டார் சங்கம் தன் பக்கம் நிற்கவில்லை என்ற கோபத்தில், 1964ஆம் ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களிலும் தம் கார்களை இத்தாலியின் பந்தய நிறமான சிவப்பில் அனுப்ப மறுத்து, நீலமும் வெள்ளையும் பூசி அனுப்பினார் என்ஸோ. அந்த நிறத்துக் காரில்தான் ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் மெக்சிகோவில் உலகப் பட்டத்தை உறுதி செய்தார்.

பத்துக் கார் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சிலர் நினைக்கக்கூடும். இந்தக் காரைப் பொறுத்தவரை எண்ணிக்கையே பாதுகாப்பு. 250 ஜி.டி.ஈ. கார்கள் ஏறத்தாழ 950 செய்யப்பட்டன. அவற்றின் அடிச்சட்டத்தையும் என்ஜினையும் எடுத்து, குறுக்கி, மேலே ஜி.டி.ஓ. உடலைக் கட்டி நிறுத்தும் நகல் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தகடு வேலை கைதேர்ந்ததாக இருந்தால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இந்த உருவத்தை ஒரு கலைப் படைப்பாகவே கருத வேண்டும் என்று 2019இல் இத்தாலியின் பொலோன்யா நகர நீதிமன்றம் சொன்னதும் இத்தகைய நகல் தொடர்பான வழக்கில்தான். செய்யப்பட்ட 36 கார்களும் இன்றுவரை இருக்கின்றன. ஒவ்வொன்றின் எண்ணும், ஓடிய பந்தயங்களும், கைமாறிய வரலாறும் அறியப்பட்டவை. 46 என்று ஒரு நாளிதழ் அச்சிட்டால், இல்லாத ஏழு கார்களுக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

இந்த மதிப்பு எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 18,000 டாலர். 1962, 1963 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்து, 1962 முதல் 1964 வரை தன் பிரிவின் உலகப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்ற கார், சில ஆண்டுகளிலேயே பழைய பந்தய வண்டி என்ற நிலைக்கு இறங்கியது. 3589ஆம் எண் கார் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, மாணவர்கள் மோட்டார் தொழில் பழகுவதற்காக, இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பிறகு ஒஹையோ மாநிலத்தில் ஒரு வெட்டவெளியில், டிரெய்லரின்மேல், வெயிலிலும் பனியிலும் பல ஆண்டுகள் நின்றது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அந்தக் காரும் இன்று மீட்கப்பட்டு, 36இல் ஒன்றாக இருக்கிறது. மங்கிப்போன உடலுக்கு அடியில் எண் அழியாமல் இருந்தது.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 என்றும், அதில் 33 கார்கள் 1962, 1963இலும் 3 கார்கள் 1964இலும் செய்யப்பட்டவை என்றும், பழைய 33இல் நான்கு 1964இல் புது பாடி பெற்றவை என்றும், நான்கு லிட்டர் 330 ஜி.டி.ஓ. மூன்றும் இவற்றுக்கு வெளியே தனியாக எண்ணப்பட வேண்டியவை என்றும் அதில் இருந்தால் போதும். 3413ஆம் எண் காரின் படத்தை மறுபடியும் போடுவதானால், அதன் கீழே '1962ஆம் ஆண்டுக் கார், 1964ஆம் ஆண்டு உடல்' என்று குறிப்பிடுங்கள். இடம் இருந்தால், வால் விளிம்பில் ரிவெட் வரிசை தெரியும் முதல் உருவத்துக் கார் ஒன்றின் படத்தையும் பக்கத்தில் சேர்த்தால், தகடு வேலை தெரிந்த வாசகர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள், அவர்கள் மிகவும் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பாடி கட்டும் தொழிலாளி,
கரூர்.